கடித்துக் குதறும் நாய்க்குட்டி: அடியும் வேண்டாம், மொட்டைமாடியும் வேண்டாம்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். 4 மாத லாப்ரடார் ஆண் குட்டி, அடுக்குமாடி வீடு. நீங்களும் கணவரும் வேலைக்குப் போய்விடுகிறீர்கள், பகலில் அத்தை மட்டும்தான் துணை. செருப்பு, கால்மிதி, டிவி ரிமோட், சோபாவின் கால், சார்ஜர் ஒயர் என்று குட்டி எதையும் விட்டுவைப்பதில்லை. திட்டியாயிற்று, சுருட்டிய பேப்பரால் அடித்தும் ஆயிற்று. மிளகாய்த்தூள் தடவலாமா, மொட்டைமாடியில் கட்டிப்போடலாமா, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது.

திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு நீங்கள் எழுதியதில் எதுவுமே இல்லை. இந்த வயதில் எதையும் கடிக்காமல் மூலையில் சுருண்டு கிடக்கும் குட்டியைக் கொண்டுவந்து காட்டினால்தான் எனக்குக் கவலை வரும். ஆனால் பட்டியலில் இரண்டு பொருள்கள் என்னை உறுத்துகின்றன: சார்ஜர் ஒயரும் ரிமோட்டும். செருப்பு போனால் 300 ரூபாய். இவை இரண்டும் குட்டியின் உயிரோடு சம்பந்தப்பட்டவை, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஓடிக்கொண்டிருக்கும் டேபிள் ஃபேன் ஒயரையோ பிரிட்ஜ் ஒயரையோ குட்டி கடித்தால் வாய் வெந்துபோகும், இதயம் நிற்கக்கூடும். சிலது அப்போதைக்குத் தப்பித்து எழுந்து நடக்கும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அதனால் ஷாக் அடித்த குட்டி பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அந்த நொடியில் குட்டியைத் தொடாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள். இன்றைக்கே செய்யக்கூடியது: குட்டி எட்டும் உயரத்தில் இருக்கும் ஒயர்களைச் சுவரோடு சேர்த்து பிளாஸ்டிக் கேசிங் போட்டு மூடுங்கள், சார்ஜரை வேலை முடிந்ததும் பிளக்கிலிருந்து கழற்றி மேலே வையுங்கள்.

ரிமோட்டில் ஆபத்து உள்ளே இருக்கும் பேட்டரி. பல் பட்டு அதில் ஓட்டை விழுந்தால் கசியும் காரம் வாயையும் உணவுக்குழாயையும் அரித்துவிடும். கார் சாவியிலும் பொம்மைகளிலும் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரி இன்னும் மோசம், விழுங்கிய கொஞ்ச நேரத்திலேயே புண்ணாக்கத் தொடங்கிவிடும்.

வீட்டைத் தரையில் உட்கார்ந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நின்று பார்க்கும்போது தெரியாததெல்லாம் குட்டியின் கண் உயரத்தில் தெரியும். அத்தையின் பிரஷர், சுகர் மாத்திரை அட்டைகள். பீரோவின் கீழ்த்தட்டில் அந்துருண்டை. பூஜை அலமாரியில் கற்பூரம். எலி மருந்து. தலையிலிருந்து கழற்றிப் போட்ட மல்லிகைச் சரம். கடைசியாகச் சொன்னதைப் பலரும் நம்புவதில்லை. பூவால் ஒன்றும் ஆகாது, கட்டிய நூல்தான் எமன். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் நூலோடு சேர்ந்து சுருங்கி மடிந்து அறுபட்டுவிடும். தையல் நூலும் பட்டக் கயிறும் அப்படித்தான். பின்பக்கம் நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது. மாம்பழக் காலத்தில் கொட்டை, சோளக்கதிரின் நடுத்தண்டு, கழற்றிப் போட்ட சாக்ஸ், இவையெல்லாம் குடலை அடைத்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகக்கூடியவை. பால்கனித் தொட்டிகளில் அரளியோ, குட்டைப் பனை போலத் தெரியும் சைக்கஸ் என்ற அழகுச் செடியோ இருந்தால், இரண்டும் விஷம், குட்டி வளரும்வரை வேறு எங்காவது மாற்றிவிடுங்கள். மணி பிளான்ட் உயிரை எடுக்காது, ஆனால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும்.

எதையாவது விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். உப்பு ரத்தத்தில் ஏறி வலிப்பு வரைக்கும் போகும், அதுவே குட்டியைக் கொல்லலாம். என்ன தின்றது, எப்போது, எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் துண்டையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது, வயிறு உப்புசம், மலம் போகாமல் முக்குவது என்று தெரிந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தெரிந்திருக்கும். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவு உண்டு. உங்கள் ஊரில் இரவில் யார் பார்ப்பார்கள் என்பதை இப்போதே விசாரித்து எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள்.

இனி, ஏன் கடிக்கிறது என்பதற்கு வருகிறேன்.

குட்டிக்குப் பால் பற்கள் 28. பிறந்து 3 வாரத்தில் முளைக்கத் தொடங்கி, 6 முதல் 8 வாரத்துக்குள் எல்லாம் வந்துவிடும். மூன்றரை, நான்கு மாதத்தில் முன்பற்கள் ஆட ஆரம்பிக்கும், அடுத்துக் கோரைப்பற்களும் கடைவாய்ப்பற்களும் மாறும். 6, 7 மாதத்தில் 42 நிலைப்பற்களும் வந்து நிற்கும். உங்கள் குட்டி இந்த மாற்றத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. ஈறு வீங்கித் தினவெடுக்கும், எதையாவது அழுத்திக் கடித்தால் கொஞ்சம் இதமாக இருக்கும். தரையில் அரிசி அளவுக்கு ஒரு பல் கிடந்தாலோ பொம்மையில் லேசாக ரத்தம் பட்டிருந்தாலோ பதற வேண்டாம். பெரும்பாலான பற்களைக் குட்டி விழுங்கிவிடும், உங்கள் கண்ணிலேயே படாது. வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள், அது போதும். புதுக் கோரைப்பல் வந்த பிறகும் பழையது பக்கத்திலேயே நின்றால் மருத்துவர் எடுத்துவிட வேண்டியிருக்கும். பொமரேனியன் போன்ற சின்ன இனங்களில்தான் இது அதிகம்.

பல் முளைத்து முடிந்தால் கடியும் முடிந்துவிடும் என்று பலர் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். முடியாது. 7, 8 மாதத்தில் விடலைப் பருவம் தொடங்கும். தாடை பலமாகியிருக்கும், ஓடியாடும் வெறி ஏறியிருக்கும், சோபாவைப் பிய்த்தெறியும் படங்கள் பெரும்பாலும் இந்த வயது நாய்களுடையவை. அதிலும் லாப்ரடார், வேட்டையில் சுட்ட பறவையை வாயில் கவ்விக் கொண்டுவருவதற்காகவே வளர்க்கப்பட்ட இனம். வாயில் எதையாவது தூக்கிக்கொண்டு திரிவது அதன் பிறவிக் குணம். நம் சிப்பிப்பாறைக்கும் ராஜபாளையத்துக்கும் ஓட்டம் எப்படியோ லாப்ரடாருக்கு வாய் அப்படி. அதனால் கடிக்காத குட்டியாக மாற்றுவது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எதைக் கடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற பழக்கத்தைத்தான் நாம் உண்டாக்க முடியும். பழக்கம் என்பது இரண்டு பக்கமும் ஓடும்: ஒவ்வொரு முறை செருப்பைக் கிழித்துச் சுகம் காணும்போதும் செருப்புப் பழக்கம் ஒரு சுற்று இறுகுகிறது. ஆகவே அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் முதல் வேலை, செருப்பு கிடைக்காமல் பார்த்துக்கொள்வது. இதில் பயிற்சி, கட்டளை எதுவும் இல்லை. வாசலில் கதவு வைத்த செருப்பு அலமாரி ஒன்று போதும்.

அடிப்பது பற்றி. வேலை முடிந்து வருகிறீர்கள், கால்மிதி நார் நாராகக் கிடக்கிறது, குட்டி காதை மடக்கிக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பம்முகிறது. செய்த தப்பு அதற்கே தெரிகிறது என்று தோன்றும். 2009-ல் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதை 14 நாய்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார். தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்லப்படும். அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அந்தப் பம்மல் தின்ற நாயிடம் மட்டும் வரவில்லை, திட்டு வாங்கிய நாயிடம் வந்தது. சொன்னபடி கேட்டு நடந்தும் திட்டு வாங்கியவை இன்னும் அதிகமாகப் பம்மின. ஆக, உங்கள் குட்டி உங்கள் முகத்தையும் குரலையும் பார்த்துப் பயப்படுகிறது, கால்மிதிக்கும் அந்தப் பயத்துக்கும் அது முடிச்சுப் போடவில்லை. செயல் நடந்து ஓரிரு நொடி தாண்டிவிட்டால் நாய்க்கு அந்தத் தொடர்பு பிடிபடாது. அடி வாங்கும் குட்டி, ஆள் இருக்கும்போது கடிக்கக்கூடாது என்று மட்டும் கற்றுக்கொள்ளும். பிறகு கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய்க் கடிக்கும், கை நீட்டினால் உறுமும். வளர்ந்த லாப்ரடார் உறுமினால் அந்த வீட்டில் அத்தை எப்படித் தனியாக இருப்பார்?

பிடுங்குவதும் துரத்துவதும் அதே வழியில்தான் கொண்டுபோய் விடும். செருப்பைக் கவ்விக்கொண்டு குட்டி ஓட, அத்தை விளக்குமாற்றோடு பின்னால் ஓட, குட்டிக்கு அன்றைய நாளின் மிகப் பெரிய விளையாட்டு அதுதான். அதற்குப் பதில் மாற்றிக் கொடுங்கள். ஒரு சின்னத் துண்டு வேகவைத்த கோழியையோ முட்டையையோ மூக்கருகே கொண்டுபோங்கள், வாய் திறக்கும், திறக்கும் அந்த நொடியில் "விடு" என்று சொல்லுங்கள், துண்டைக் கொடுங்கள். வாங்கிய பொருள் அதன் பொம்மை என்றால் உடனே திருப்பியும் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் போய்விடாது, லாபம்தான் என்று குட்டி புரிந்துகொள்ள வேண்டும். இதைச் செருப்பு கையில் கிடைத்த நாளில் பழக்க முடியாது. சும்மா இருக்கும் நேரத்தில் பொம்மையை வைத்துத் தினமும் நாலைந்து முறை பழக்குங்கள். வீட்டில் எல்லோரும் அதே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் "விடு", ஒருவர் "போடு", ஒருவர் "நோ நோ" என்றால் குட்டிக்கு எதுவும் மண்டையில் ஏறாது.

எதைக் கடிக்கக் கொடுப்பது? பழைய செருப்பை மட்டும் கொடுக்காதீர்கள். இதுதான் கிழிந்துவிட்டதே, கடித்துக்கொள்ளட்டும் என்று எல்லா வீட்டிலும் தூக்கிப் போடுகிறார்கள். பழையது எது, நேற்று வாங்கியது எது என்று குட்டிக்கு எப்படித் தெரியும்? கால் வாசனையும் ரப்பரும் இரண்டிலும் ஒன்றுதான். பழைய சாக்ஸில் முடிச்சுப் போட்டுக் கொடுப்பதும் அதே சங்கடம். வீட்டில் வேறு எதைப் போலவும் இல்லாத பொருளாக இருக்க வேண்டும்.

உள்ளே குழிவான, கெட்டி ரப்பர் பொம்மைதான் என் முதல் சிபாரிசு. இதற்கு ஒரு கதை உண்டு. 1970-களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர் வளர்த்த ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட், கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைப் பாழாக்கிக்கொண்டிருந்தது. ஃபோக்ஸ்வேகன் வேனைப் பழுது பார்த்தபோது அவர் கழற்றிப் போட்ட ஒரு ரப்பர் பாகத்தை அது பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதைப் பார்த்து அவர் செய்ததுதான் இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் காங் பொம்மை. குட்டிகளுக்கென்று மெதுவான ரப்பரில் தனியாக வருகிறது, அதையே வாங்குங்கள். உள்ளே தயிர்சாதமோ, வேகவைத்த கோழியோடு பிசைந்த சாதமோ அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டால், குளிர்ச்சி ஈறுக்கு இதம், நக்கி நக்கிக் காலி செய்ய அரை மணி நேரம் ஆகும். சாதத்தில் வெங்காயம், பூண்டு வேண்டாம். திராட்சை, சாக்லேட் எந்த வடிவிலும் வேண்டாம். குளிரவைத்த முழு கேரட்டும் நல்லது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது கொடுங்கள்.

கடையில் தொங்கும் வெள்ளை நிறத் தோல் எலும்புகளை நான் சொல்வதில்லை. ஊறி வழவழப்பானதும் பெரிய துண்டாக விழுங்கித் தொண்டையிலோ குடலிலோ சிக்கிக்கொள்ளும். வேகவைத்த கோழி எலும்பு ஊசியாகச் சிதறும். மாட்டுக் குளம்பு, மான் கொம்பு, தேங்காய் ஓடு எல்லாம் பல்லை உடைக்கும். வாங்கும்போது கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது அமுங்கினால் சரி, கல்லாக நின்றால் வேண்டாம். பொம்மைகள் நாலைந்து இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் இறைத்துவிடாமல், இரண்டை வெளியே வைத்து மற்றதை ஒளித்து வையுங்கள். மூன்று நாள் கழித்து மாற்றினால் பழையதே புதிதாகிவிடும்.

இப்போது உங்கள் வீட்டின் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன்: பகல் பொழுது. அத்தைக்கு வயதாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பகல் முழுக்க ஒரு குட்டியின் பின்னால் அவரை அலையச் சொல்வது நியாயம் இல்லை. ஹாலின் ஒரு மூலையில் கம்பித் தடுப்பு வைத்து ஒரு இடத்தை ஒதுக்குங்கள், பிளே பென் என்று விற்கிறார்கள். படுக்கை, தண்ணீர், இரண்டு பொம்மை, இவ்வளவுதான் உள்ளே. ஒயர் இல்லை, திரைச்சீலை எட்டாது, சோபா எட்டாது. ஆனால் அத்தை கண்ணில் படுவார், அவர் குரல் கேட்கும். முதல் நாளே உள்ளே விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பாதீர்கள். விடுமுறை நாளில் சாப்பாட்டை உள்ளே வைத்துக் கதவைத் திறந்தே வையுங்கள், பிறகு ஐந்து நிமிடம் மூடுங்கள், நீங்கள் பக்கத்திலேயே உட்காருங்கள், அப்படியே நீட்டிக்கொண்டு போங்கள். தண்டனைக்காக ஒருநாளும் அதற்குள் தள்ளாதீர்கள். நடுவில் இரண்டு, மூன்று தடவை வெளியே எடுத்துச் சிறுநீர் கழிக்க வைத்து, கொஞ்சம் விளையாட்டுக் காட்ட ஒரு ஆள் தேவை. மதியம் உங்களில் ஒருவர் வந்துபோக முடியுமா, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளைக்குச் சம்பளம் கொடுத்து வரச்சொல்ல முடியுமா என்று பாருங்கள். இந்த ஏற்பாட்டுக்கு எந்தப் பொம்மையும் ஈடாகாது.

இந்த வயதுக் குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரம் வரைகூடத் தூக்கம் தேவைப்படும். இதைச் சொன்னால் பலருக்கும் ஆச்சரியம். சாயங்காலம் நீங்கள் வந்ததும் எல்லோரும் கொஞ்சுகிறார்கள், டிவி ஓடுகிறது, விருந்தாளி வருகிறார்கள், எட்டு மணிக்குக் குட்டிக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது, காலைக் கடிக்கிறது, சேலைத் தலைப்பை இழுக்கிறது. அது சக்தி மிஞ்சியதால் வருவதில்லை, தூக்கம் கெட்டதால் வருவது. அந்த நேரத்தில் இன்னும் ஓடவிடாமல், உறைய வைத்த பொம்மையோடு தடுப்புக்குள் விட்டு விளக்கை மங்கலாக்குங்கள், பத்து நிமிடத்தில் தூங்கிவிடும்.

காலையில் வெயில் ஏறுமுன் 15, 20 நிமிட நடை போதும். வேகமாக இழுத்துக்கொண்டு போகாமல் மோந்து பார்க்க விடுங்கள், மூக்குக்கு வேலை கொடுத்தால் நாய் உண்மையிலேயே களைத்துப்போகும். தடுப்பூசிகள் முடியவில்லை என்றால் தெருவில் இறக்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதோடு சேர்த்து இன்னொன்று: விளையாட்டுக் கடிதானே என்று பல் பட்ட கீறலை விட்டுவிடாதீர்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும், நம் நாட்டில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். குட்டிக்கு 3 மாதத்தில் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.

மிளகாய்த்தூள் வேண்டாம். கண்ணிலும் மூக்கிலும் பட்டுத் துடிக்கும், சோபா கால் மட்டும் அப்படியே ஆபத்தில் இருக்கும். வேப்பெண்ணெய் நக்கினால் உள்ளே போகும், அதுவும் வேண்டாம். நாய்களுக்கென்று விற்கும் கசப்பு ஸ்பிரே நகர்த்த முடியாத பொருள்களுக்கு, அதாவது சோபா கால், கதவு நிலை போன்றவற்றுக்கு ஓரளவு உதவும். வாசனை போனதும் மறுபடி அடிக்க வேண்டும், சில லாப்ரடார்கள் அதையும் ருசித்துச் சாப்பிடும். ஒயருக்கு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

மொட்டைமாடி அறவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் சிமென்ட் தளம் பாதத்தைச் சுட்டுவிடும், வெப்பத்தாக்கில் ஒரு மதியத்திலேயே உயிர் போகலாம். தனியாகக் கட்டிக்கிடக்கும் குட்டி கயிற்றைக் கடிக்கும், தன் காலையே கடிக்கும், நாள் முழுக்கக் குரைக்கும், மனிதர்களோடு பழக வேண்டிய மாதங்கள் அங்கேயே கழிந்துவிடும்.

இத்தனையும் செய்தும் மாறாத கடி சில உண்டு. ஆள் இல்லாதபோது மட்டும், அதுவும் வாசல் கதவையும் ஜன்னலையும் குறிவைத்துக் கடித்து, எச்சில் ஒழுக அழுது, இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்தால் அது பிரிவைத் தாங்காத பயம். அதற்குத் தனி வைத்தியம், பொம்மை போதாது. சுவர்ச் சுண்ணாம்பு, மண், கல் என்று தின்னவே தின்றால் பூச்சி இருக்கிறதா, சாப்பாடு போதுமா என்று பார்க்க வேண்டும். குடற்புழு மருந்தை 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், 6 மாதம் வரை மாதம் ஒருமுறையும் கொடுப்பது வழக்கம். உங்கள் அட்டையில் விட்டுப்போயிருந்தால் எடையைச் சொல்லி வாங்கிக் கொடுங்கள்.

வீட்டைக் குட்டிக்கு ஒரே நாளில் திறந்துவிடாமல் அறை அறையாகத் திறங்கள். இரண்டு வாரம் ஹாலில் தன் பொம்மையைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்றால், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த அறை. அங்கே எதையாவது கடித்தால் கோபப்படாமல் மறுபடி ஹாலோடு நிறுத்திக்கொண்டு, இன்னும் சில வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். லாப்ரடாருக்கு ஒன்றரை, இரண்டு வயது வரை இந்தக் கணக்கு ஓடும். வீட்டில் எல்லோரும் இப்போதே அதைத் தெரிந்துகொண்டால், ஆறு மாதம் கழித்து மறுபடி திருப்பிக் கொடுக்கிற பேச்சு வராது.